கூப்பன் அரிசி முதல் அஸ்வெசும வரை: செலவு யார் தலையில் விழுந்தது?

கேட்கப்பட்டது இதுதான்: அரசின் பொருளாதாரக் கொள்கை மாறும்போது வருமானப் பங்கீடும் மக்கள் நலனும் எப்படி மாறுகின்றன? இலங்கையை வைத்து விளக்க முடியுமா? "மானியம் கொடுத்துக் கொடுத்தே நாடு வங்குரோத்தானது" என்று பலர் சொல்வது சரியா?

கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். மானியத்தால் நாடு கெட்டது என்பவர்களிடம் நான் கேட்பது, எந்த மானியம் என்பதைத்தான். எழுபதுகளில் சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) கூப்பன் என்ற பங்கீட்டுச் சீட்டுக்குக் கொடுத்த அரிசியா, 2019 டிசம்பரில் மாதம் இரண்டரை லட்சம் சம்பளம் வாங்கியவருக்கு விட்டுக்கொடுத்த வரியா? முதலாவதை எல்லோரும் மானியம் என்கிறோம். இரண்டாவதற்கு வரிச் சலுகை, பொருளாதார ஊக்குவிப்பு என்று மரியாதையான பெயர்கள் உண்டு. திறைசேரியின் பெட்டிக்கு இரண்டும் ஒரே ஓட்டைதான்.

இன்னொன்று. கொள்கையின் விளைவைத் தேடும்போது பெரும்பாலானோர் உதவி பெறுவோர் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். யாருக்குச் சமுர்த்தி என்ற வறியோர் உதவிப் பணம் கிடைத்தது, யாருடைய பெயர் வெட்டுப்பட்டது என்று கிராம சேவையாளர் அலுவலக வாசலில் நடக்கும் சண்டை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு குடும்பத்தை மேலே தூக்குவதும் கீழே தள்ளுவதும் அநேகமாக விலைகள்தான். அரிசியின் விலை, மண்ணெண்ணெயின் விலை, வெங்காயத்தின் விலை, டொலரின் விலை, ஒரு நாள் கூலி. அரசு இவற்றில் ஒன்றைத் தொட்டால் போதும், எந்தப் பட்டியலும் போடாமலே ஒரு வீட்டுப் பணம் இன்னொரு வீட்டுக்குப் போய்விடும்.

அரிசிப் பங்கீடு 1942இல், யுத்த காலத்தில் வந்தது. பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. இருப்பதைப் பகிர்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் அதை நிறுத்த எந்த அரசாங்கத்துக்கும் துணிவு வரவில்லை. துணிந்தால் என்ன நடக்கும் என்பது 1953இல் தெரிந்தது. கொரிய யுத்தம் தந்த றப்பர் விலையேற்றம் முடிந்து ஏற்றுமதி வருமானம் சரிந்தபோது, பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றியது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த மதிய பணிஸையும் நிறுத்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். அப்போது நிதியமைச்சராக இருந்தவர் ஜே. ஆர். ஜெயவர்த்தன. அவர் அந்தப் பாடத்தை மறக்கவில்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

அந்தப் பங்கீடு என்ன தந்தது? நாற்பதுகளின் நடுவில் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது, இலவச ஆஸ்பத்திரிகள் வந்தன, மலேரியா கட்டுப்பட்டது. இவற்றோடு மலிவு அரிசியும் சேர்ந்தபோது, எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையரின் சராசரி ஆயுட்காலம் 65 வயதைத் தாண்டியிருந்தது. இந்தியாவில் அது அப்போது 50 வயதை ஒட்டியே இருந்தது. வருமானத்தில் இரண்டு நாடுகளுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. எங்கள் வீட்டில் அம்மா கூப்பன் புத்தகத்தைத் தாலிக்கொடி இருந்த பெட்டிக்குள்தான் வைத்திருப்பார். இரண்டும் தொலைந்தால் ஒரே அளவு ஒப்பாரிதான் கேட்டிருக்கும்.

ஆனால் அந்த அரிசிக்கான பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தேயிலை, றப்பர், தெங்கு ஏற்றுமதியிலிருந்து, அவற்றின் மேல் விதித்த தீர்வையிலிருந்து. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களின் குடியுரிமை 1948 சட்டத்தால் பறிபோனது. வாக்குரிமையும் பின்னாலேயே போனது. இலவசக் கல்வி நாடெங்கும் மத்திய கல்லூரிகளாக எழுந்த காலத்தில் தோட்டத்துப் பிள்ளைக்கு இருந்தது லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) அருகே ஒற்றை ஆசிரியர் நடத்திய தோட்டப் பாடசாலை. இலங்கையின் நலன்புரி அரசைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த வரியை அநேகமாக எழுதுவதில்லை. நலனுக்கான செலவை மட்டும் பார்த்து, அந்தச் செலவுக்கு யார் உழைத்தார்கள் என்று பார்க்காமல் விட்டால் கணக்கில் பாதிப் பக்கம் கிழிந்த மாதிரி.

இப்போது எழுபதுகள். கொள்கையும் பங்கீடும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் கூட்டரசாங்கம் வந்தது. நிதியமைச்சர் என். எம். பெரேரா. நோக்கம் வெளிப்படையானது, இடைவெளியைக் குறைப்பது. காணி உச்சவரம்பு வந்தது, வருமானத்துக்கே உச்சவரம்பு வந்தது, இறக்குமதி இறுகியது. 1973இல் எண்ணெய் விலையும் உலகச் சந்தை அரிசி விலையும் ஒன்றாகப் பாய்ந்தன. வெளிநாட்டுச் செலாவணி இல்லை. பங்கீடு வெட்டப்பட்டது, விடியமுன்னே பாணுக்கு வரிசை, அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகத் தடை.

அதே இறக்குமதித் தடை யாழ்ப்பாணத்தில் வேறு கதை எழுதியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றதும் குடாநாட்டுத் தோட்டக்காரருக்குத் தெற்கில் போட்டியில்லாத சந்தை கிடைத்தது. கிணற்று நீரை இறைத்துச் செம்மண்ணில் வெங்காயம் வைத்தவர் கல்வீடு கட்டினார், உழவு இயந்திரம் வாங்கினார். வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டங்களில் காணி எடுத்த பொடியன்கள் உத்தியோகத்தில் இருந்தவர்களை விட மிளகாயில் சம்பாதித்தார்கள். பல்கலைக்கழக அனுமதியில் புள்ளிகளை மொழிவாரியாகச் சரிக்கட்டிய தரப்படுத்தலால் அடிவாங்கிய அதே சமூகத்துக்கு அதே அரசாங்கத்தின் வர்த்தகக் கொள்கை பணம் கொடுத்தது. அரசியல் நினைவில் முதலாவது மட்டும் நிற்கிறது. நியாயம்தான், காயம் காசை விட நீண்ட நாள் நிற்கும்.

மலையகத்தில் அதே ஆண்டுகள் பட்டினி ஆண்டுகள். தோட்டத் தொழிலாளிக்கு நெற்காணி இல்லை, வீட்டுத்தோட்டம் செய்யவும் இடமில்லை. சாப்பாடு முழுக்கப் பங்கீட்டு மாவையும் கடையையும் நம்பியது. பங்கீடு குறைந்து, வெளிச் சந்தையில் அரிசி விலை ஏறி, தோட்டத்தில் வேலை நாட்களும் குறைந்தபோது மூன்று பக்கமும் அடைபட்டது. 1974இல் தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் தெளிவாக உயர்ந்தது. நகரங்களின் தெருவோரங்களில் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் கையேந்தி நின்றன.

இந்த இரண்டு காட்சிகளையும் வைத்துக்கொண்டு மத்திய வங்கியின் அளவீட்டைப் பாருங்கள். வருமான ஏற்றத்தாழ்வைக் கினிக் குணகம் என்ற எண்ணால் அளப்பார்கள். எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0, எல்லாம் ஒருவரிடமே இருந்தால் 1. வருமானம் பெறுவோரிடையே 1963இல் 0.49 ஆக இருந்த அது 1973இல் 0.41 ஆகக் குறைந்தது. பாடப்புத்தகப்படி பெரிய வெற்றி. இடைவெளி குறைந்தது உண்மை, கிராமத்து விவசாயி மேலே வந்ததும் உண்மை. ஆனால் அதற்கு அடுத்த வருடம் லயத்தில் பிள்ளைகள் செத்தது அந்த எண்ணுக்குள் தெரியாது. அதனால்தான் ஒற்றை எண்ணைக் காட்டி "சமத்துவம் கூடியது, குறைந்தது" என்று யார் பேசினாலும், எந்த ஊரில், எந்தத் தொழிலில் என்று நான் கேட்பேன்.

சரி, 1977. வரிசைகளில் களைத்துப்போன மக்கள் ஜே. ஆருக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களைக் கொடுத்தார்கள். அந்த வருட நவம்பரிலேயே நாணயத்தின் இரட்டை விலை (சில பொருட்களுக்கு ஒரு மாற்று வீதம், மற்றவற்றுக்கு இன்னொன்று) ஒழிந்தது. உத்தியோகபூர்வக் கணக்கில் ஒன்பது ரூபாவுக்கும் குறைவாக இருந்த டொலர் ஒரே அடியில் பதினாறு ரூபாவை நெருங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம், துரித மகாவலித் திட்டம், மத்திய கிழக்குக்குப் போகும் விமானங்கள்.

வேலை கிடைத்தது, அதை மறுக்க முடியாது. 1973இல் நான்கில் ஒருவர் வேலையில்லாமல் இருந்த நாட்டில் 1981/82இல் அது பன்னிரண்டு வீதத்தளவுக்கு வந்தது. கட்டுநாயக்கவுக்குப் போன பெண்பிள்ளைகள் தங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் எடுத்த முதல் ஆட்களாக இருந்தார்கள். ஆனால் அதே திறப்பு உள்ளூர்க் கைத்தறியை அடித்தது, அங்கே வேலை இழந்தவர்களிலும் பெரும்பாலானோர் பெண்கள். யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதி போட்டி வந்தது. ஐந்தாறு வருடம் முன்பு கொள்கை மேலே தூக்கிய அதே தோட்டக்காரரை இன்னொரு கொள்கை இறக்கிவிட்டது. அவர் சோம்பேறி ஆகிவிடவில்லை, நிலம் கெட்டுவிடவில்லை. கொழும்பில் ஒரு வர்த்தமானி மாறியது, அவ்வளவுதான். அந்தத் தலைமுறை இளைஞர்களின் கோபத்தை வெங்காய விலையால் விளக்க நான் முயலவில்லை. 1977 வன்முறையும் 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகமும் விலைக்குள் அடங்கும் விடயங்கள் அல்ல. ஆனால் கையில் காசில்லாமல் போனதும் அந்தக் காலத்தின் ஒரு பகுதிதான்.

கினிக் குணகம் 1981/82இல் 0.52 ஆனது. எட்டு, ஒன்பது வருடங்களில் 0.41இலிருந்து 0.52.

பங்கீட்டுக்கு வருவோம், இங்கேதான் 1953ஐ மறக்காத மனிதரின் கெட்டித்தனம் தெரிகிறது. விலையை ஒரே நாளில் ஏற்றினால் ஹர்த்தால் வரும். அதனால் படிப்படியாக. 1978 ஜனவரியில் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று பங்கீடு சுருங்கியது. ஏறத்தாழ பாதிச் சனம் வெளியே. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, பெரியவருக்கு 15 ரூபா. அரிசி என்றால் அரிசிதான், விலை என்ன ஆனாலும் கொத்து கொத்தாகவே வரும். முத்திரை ரூபாவில் எழுதப்பட்டது. 1980இல் மட்டும் பணவீக்கம் 26 வீதம். முத்திரையின் மேல் அச்சிட்ட எண்ணை யாரும் மாற்றவில்லை. 1980க்குப் பிறகு புதிய பெயர் சேர்ப்பதும் நின்றது, அதாவது அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு முத்திரை இல்லை. மூன்று வருடத்தில் அதன் வாங்கும் சக்தி பாதியளவுக்கு வந்துவிட்டது. எழுபதுகளின் நடுவில் தேசிய உற்பத்தியில் ஐந்து வீதத்தை எட்டிய உணவு மானியம் எண்பதுகளின் நடுவில் ஒரு வீதத்தை ஒட்டி இறங்கியது. ஹர்த்தால் வரவில்லை. எவரும் எதையும் வெட்டியதாக அறிவிக்கவில்லையே, எதை எதிர்த்து ஊர்வலம் போவது? ஆனால் கீழ்த்தட்டு ஐந்தில் ஒரு பங்கினரின் கலோரி அளவு அந்த ஆண்டுகளில் குறைந்ததை மத்திய வங்கியின் அளவீடுகளே காட்டின.

வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது என்ற திட்டத்துக்குள் இன்னொரு கோணலும் இருந்தது. தோட்டத் தொழிலாளியின் சம்பளம் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டில் பதிவாகும், மறைக்க முடியாது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை மூவரும் வேலை செய்தால் 300 ரூபாக் கோட்டை லயத்துக் குடும்பம் தாண்டிவிடும். சொந்த நெற்காணியும் சிறு கடையும் வைத்திருப்பவர் எழுதிக் கொடுப்பதே அவருடைய வருமானம். ஏழைகளுக்கு மட்டும் கொடுப்போம் என்று சொல்லும்போது காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது; வருமானத்தை யாரால் நிரூபிக்க முடியும், யாரால் மறைக்க முடியும் என்பதில் அது மாட்டிக்கொள்கிறது.

பின்னால் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1989இல் பிரேமதாசவின் ஜனசவிய என்ற வறுமை ஒழிப்புத் திட்டம், குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா என்ற கணக்கில் இரண்டு வருடம், அதில் ஒரு பகுதி சேமிப்பாக. 1995இல் சந்திரிகாவின் சமுர்த்தி. கட்சிக்காரர்கள் வழியாகப் பட்டியல் போனதும், தகுதியில்லாதவர் உள்ளேயும் தகுதியானவர் வெளியேயும் நின்றதும் ஊரறிந்த கதை. இதற்கிடையில் நாட்டின் வறுமை பொதுவாகக் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் சீராக அல்ல. 2002க்கும் 2006/07க்கும் இடையில் வறியோர் விகிதம் நாட்டில் 22.7 வீதத்திலிருந்து 15.2 ஆகக் குறைந்தபோது தோட்டப் பகுதியில் 30இலிருந்து 32 ஆக ஏறியது. வட மாகாணம் அந்தக் கணக்கெடுப்பிலேயே இல்லை. யுத்தம் நடந்தது, எண்ண யாரும் போகவில்லை.

இனி வரி. மானியத்தைப் பற்றிப் பேசும் அளவில் பத்திலொரு பங்கு கூட நாம் வரியைப் பற்றிப் பேசுவதில்லை. 1990இல் தேசிய உற்பத்தியில் 20 வீதத்தளவுக்கு இருந்த அரச வருமானம் படிப்படியாகத் தேய்ந்து 2021இல் எட்டு வீதத்தை ஒட்டி நின்றது. வந்த வரியும் எப்படிப்பட்டது? 2010களில் நூறு ரூபா வரி வந்தால் அதில் எண்பது ரூபாவளவு மறைமுக வரி. பொருளின் விலைக்குள் ஒளிந்து வருவது.

மறைமுக வரி ஏன் கீழே இருப்பவரை அதிகம் கடிக்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. மாதம் 60,000 ரூபா வருமானத்தில் 40,000 ரூபாவுக்கு வற் வரி (பெறுமதி சேர் வரி) சேர்ந்த பொருட்களை வாங்கும் குடும்பம், 18 வீதத்தில், ஏறத்தாழ 6,100 ரூபாவை வரியாகக் கட்டுகிறது. வருமானத்தில் பத்திலொன்று. மாதம் 12 லட்சம் வரும் குடும்பம் 3 லட்சத்துக்கு அப்படி வாங்கினால் ஏறத்தாழ 45,800 ரூபா கட்டும். தொகை பெரிது, ஆனால் வருமானத்தில் நான்கு வீதம் கூட இல்லை. மிச்சம் காணியாகவோ நிலையான வைப்பாகவோ போய்ச் சேரும், அங்கே வற் கிடையாது.

இந்த நிலையில்தான் 2019 டிசம்பர் வந்தது. வற் 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு. வற்றுக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 1.2 கோடி ரூபாவிலிருந்து 30 கோடிக்கு. சம்பளத்திலிருந்து கட்டாயமாகக் கழிக்கும் வரி நீங்கியது. வருமான வரி இல்லாத எல்லை ஆண்டுக்கு 30 லட்சம் ஆனது, உச்ச வீதம் 24இலிருந்து 18 ஆனது. மாதம் இரண்டரை லட்சம் சம்பளக்காரர் முன்பு மாதம் 12,000 ரூபாவளவு கட்டினார், இனிமேல் ஒன்றுமில்லை. மாதம் பத்து லட்சம் வாங்கியவரின் வரி ஏறத்தாழ பாதியானது. அதே காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அதிகபட்சச் சமுர்த்தி மாதம் 3,500 ரூபா. 12,000ஐயும் 3,500ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வற் குறைப்பு ஏழைக்கும் உதவியிருக்க வேண்டும் என்று யாராவது சொல்லலாம். கொள்கையளவில் சரி, கடையில் அதற்கேற்ற அளவுக்கு விலை இறங்கியதை நான் காணவில்லை.

அப்புறம் கொரோனா, வெளிநாட்டுச் சந்தைகள் கடன் தர மறுத்தன, 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத் தடை. வருமானம் இல்லாத அரசு மத்திய வங்கியில் பணம் அச்சிட்டுச் செலவை ஓட்டியது. டொலரை 200 ரூபாவில் பிடித்துவைக்கக் கையிருப்பைக் கரைத்தது. 2022 மார்ச்சில் பிடி விட்டது, ஏப்ரல் 12 அன்று வெளிக்கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள், மே மாதமளவில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தளவு, உணவில் மட்டும் 95 வீதத்தளவு. உலக வங்கியின் மதிப்பீட்டில் வறியோர் விகிதம் ஒரே வருடத்தில் 13 வீதத்திலிருந்து 25 வீதமானது.

2019இல் விட்டுக்கொடுத்த வரி அப்படித்தான் வசூலானது, வேறு ஆட்களிடமிருந்து. டொலர் வைத்திருந்தவரும் காணி வைத்திருந்தவரும் பெரிதாகத் தோற்கவில்லை. மாதச் சம்பளக்காரரும் நாட்கூலியும் தோற்றார்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021இல் 1,000 ரூபா ஆனது. அன்றைய கணக்கில் ஐந்து டொலர். அடுத்த வருடம் அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் குறைவு. 2024இல் 1,350 ரூபாவாக்கினார்கள், டொலர் அப்போது 300 ரூபாவளவில் நின்றது, நான்கரை டொலர். எல்லாவற்றையும் டொலரில் அளப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் ரொட்டி சுடும் கோதுமை மாவும் பருப்பும் கப்பலில் வருகின்றன, அவை ரூபாவின் மொழியைக் கேட்பதில்லை.

சீர்திருத்தம் என்று வந்தவற்றையும் அதே கண்ணால் பார்க்கலாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. கார்க்காரர் மண்ணெண்ணெய் அடிப்பதில்லை. அது மன்னாரிலும் பருத்தித்துறையிலும் வெளியிணைப்பு இயந்திரப் படகு ஓட்டுபவரின் எரிபொருள், மின்சாரமில்லாத லயத்து விளக்கு. மின்கட்டணத்தில் முதல் 30 அலகுக்கான விலை 2.50 ரூபாவிலிருந்து 8 ஆகி, 2023 பெப்ரவரியில் 30 ரூபாவானது. மேல்தட்டுப் பாவனையாளரின் கட்டணமும் ஏறியது, ஆனால் இந்த மடங்கில் அல்ல. நேர்மையாகச் சொன்னால் மலிவு மின்சாரமும் மலிவுப் பெற்றோலும் நட்டத்தில் ஓடியவை, அந்த நட்டத்தில் பெரிய பங்கைத் தின்றது குளிரூட்டி வைத்த வீடும் இரண்டு வாகனம் நின்ற முற்றமும். விலையைத் திருத்தியே ஆகவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எந்தப் படியில் எவ்வளவு ஏற்றுவது என்பது கணிதம் தீர்மானித்தது அல்ல, ஆட்கள் தீர்மானித்தது.

2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு இன்னும் துலக்கமான உதாரணம். அரசுக்குக் கடன் கொடுத்தவர்களில் வங்கிகளும் இருந்தன, ஊழியர் சேமலாப நிதியும் இருந்தது. வங்கிகளைத் தொட்டால் முறிந்துவிடும், அவை ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன என்று அவற்றிடம் இருந்த முறிகளை (அரசின் கடன் பத்திரங்களை) விட்டுவைத்தார்கள். சேமலாப நிதி தன் பழைய முறிகளைக் கொடுத்து நீண்ட தவணை முறிகளை வாங்கிக்கொண்டது. 2025 வரை 12 வீத வட்டி, அதற்குப் பின் 9 வீதம். மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு வரி 14 வீதத்துக்குப் பதில் 30 வீதம் என்ற மிரட்டல் பக்கத்தில் நின்றது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் சேமிப்பும் தோட்டத் தொழிலாளியின் சேமிப்பும் அந்த நிதிக்குள்தான் இருக்கின்றன. 2022இல் விலைவாசி தலைதெறிக்க ஓடியபோது அந்த நிதி அங்கத்தவருக்குக் கொடுத்த வட்டி 9 வீதம். ஆக, பணவீக்கத்தில் ஒருமுறை, மறுசீரமைப்பில் இன்னொருமுறை.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், நெருக்கடிக்கு இட்டுச்சென்ற முடிவுகளில் முன்னாள் ஜனாதிபதிகள் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கூப்பன் அரிசி குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை.

ஆகவே கேள்விக்கு என் பதில்: இல்லை, ஏழைக்குக் கொடுத்த மானியத்தால் நாடு வங்குரோத்தாகவில்லை. உணவு மானியம் எண்பதுகளிலேயே ஏறத்தாழ முடிந்த கதை. கடன் மலையின் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்தது, யுத்தச் செலவு, நட்டத்தில் ஓடிய கூட்டுத்தாபனங்கள், வட்டி கூடிய சர்வதேச முறிகள், தேய்ந்துபோன வரி. அதே நேரம் பழைய பங்கீட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவா என்றும் சொல்லமாட்டேன். எல்லோருக்கும் இலவசம் என்பதை ஏற்றுமதித் தீர்வையில் தூக்கிநிறுத்திய காலம் 1974இலேயே உடைந்துவிட்டது, முதலில் உடைந்த இடம் மலையகம்.

இப்போதிருப்பது அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு. 2023 ஜூலையில் தொடங்கியது. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறியவருக்கு 8,500, அதற்கு மேல் 5,000, 2,500 என்று நான்கு படிகள். கட்சிக்காரர் பட்டியலுக்குப் பதிலாக 22 அளவுகோல்களில் புள்ளி போட்டுத் தெரிவு செய்கிறார்கள், பணம் நேரே வங்கிக்குப் போகிறது. சமுர்த்தியை விட இது மேல் என்றே நினைக்கிறேன். ஆனால் புள்ளி போடும் முறைக்கு வீட்டின் சுவர் தெரியும், வீட்டுக்குள் உழைப்பவர் இருக்கிறாரா என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. யுத்தத்துக்குப் பின் வீட்டுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த கல்வீட்டில், கணவனை இழந்து நாட்கூலிக்குப் போகும் கிளிநொச்சிப் பெண்ணுக்கு அந்தச் சுவரே எதிர்ச்சாட்சி. மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன.

தொகை மறுபடியும் ரூபாவில்தான் எழுதப்பட்டிருக்கிறது, 1979இன் முத்திரை மாதிரி. இந்தமுறை ஒரு வித்தியாசம், 2025இல் 15,000 ரூபா 17,500 ஆகவும் 8,500 ரூபா 10,000 ஆகவும் கூட்டப்பட்டன. 5,000 ரூபாப் படியில் இருந்தவர்களுக்கு அப்போது அந்த உயர்வு வரவில்லை. வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், அதை ஐந்தாயிரம் வாங்குபவரும் கட்டுகிறார்.